மல்லாட்டை அறையில் வளர்ந்த தக்காளி நாற்று

“…அவளுக்கு இன்னா தெரியும்? நீங்க நல்லா பாருங்க மாமா, எவ்ளோ ஒசரம்! தேறிடுச்சு நாத்து!” என்று அப்பா சொன்னார்.

சொன்ன இடம், எங்கள் வீட்டில் விதை மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளை அடுக்கி வைக்கிற அறை. யாரிடம் சொன்னாரோ அவர் என் அத்தையின் மாமனார். மருமகளைக் கண்டாச்சிபுரத்துக்கு அழைத்துப் போக வந்திருந்தவர். ‘அவளுக்கு’ என்றது அத்தையை, அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கையை. அரை நிமிடம் முன்னால்தான் அத்தை தன் வாயாலேயே நாற்று கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தாள். விதை போட்டவள் அவள். அதற்கென்று படித்துவிட்டு வந்தவளும் அவள்தான். அந்த நாற்று தேறினால் அவள் எங்கள் வீட்டில் இருக்கலாம், தேறாவிட்டால் புருஷன் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று நிபந்தனை போட்டவரோ இதே அப்பா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்றும் புரியவில்லை. இப்போது விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போடாமல் படிக்க முடியாத வயது. (நீங்களும்தான். மறைக்காதீர்கள்.) இப்போதும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கிளறிவிட்டது நம் மாடித்தோட்டக் குழுவில் போன வாரம் வந்த ஒரு போட்டோ. நம்மில் ஒருவர் குழித்தட்டில் விட்ட தக்காளி நாற்றைப் படம் பிடித்து, ‘பத்தே நாளில் எவ்வளவு உயரம் பாருங்கள்’ என்று போட்டிருந்தார். நூல் மாதிரி வெள்ளைத் தண்டு, உச்சியில் வெளுத்த இரண்டு இலை. ‘வெளிச்சம் பத்தலைங்க, இது போச்சு’ என்று ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. இரண்டு வரியில் போட முடிகிற பதிலாக அது இல்லை.

எங்கள் ஊர் திண்டிவனம் – விழுப்புரம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை டவுன் பஸ் வந்து திரும்பும். வைகாசி மாதம் ஒரு காலை பஸ்ஸில் அத்தை ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். எதற்கு வந்தாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா மற்றவர்களிடம் சொன்னதிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். எதிர் வீட்டுக்குச் சொன்னது: “அங்க தண்ணி ஒத்துக்கல.” பால்காரரிடம் சொன்னது: “ரெஸ்ட்டுக்கு வந்துக்கீறா.” அப்பாவிடம் அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொன்னது: “இன்னும் எத்தன நாளிக்குங்க?” மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவள் மூன்று வேளையும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிறாள். ரெஸ்ட்டுக்கு வந்தவள் சாப்பிடுவதையே நின்றுகொண்டு சாப்பிடுகிறாள்.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் எது கீழே விழுந்தாலும், டம்ளரோ கரண்டியோ, ஏன் பக்கத்து வீட்டில் ஒரு குடம் உருண்டாலும்கூட, அத்தை எங்கே இருக்கிறாளோ அங்கிருந்தே, “நான் இல்ல” என்பாள். கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பாள், அடுப்படியில் தட்டு விழும், கொட்டகையிலிருந்து “நான் இல்ல” என்று வரும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேண்டுமென்றே டம்ளரைப் போடுவேன். “நான் இல்ல” என்று குரல் வரும். விழுந்து விழுந்து சிரிப்பேன். நான்தான் போட்டேன் என்று தெரிந்து அவளும் சிரிப்பாள். ஆனாலும் அடுத்த தடவையும் சொல்வாள். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

ஒருநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டேன். “நான் இல்லண்ணா” என்று பின்கட்டிலிருந்து வந்தது. அப்பா சோறு பிசைவதை விட்டுவிட்டுப் பின்கட்டுப் பக்கம் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்து, “மோரு ஊத்து” என்றார். அவ்வளவுதான்.

ஆனி மாதம் விழுப்புரத்தில் பெண்களுக்கு மூன்று நாள் நாற்றங்கால் டிரெய்னிங் என்று யாரோ சொன்னார்கள். அத்தை தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு நாற்பது பக்க நோட்டும், கறுப்பு பிளாஸ்டிக்கில் குழிகுழியாக ஒரு தட்டும் கொண்டுவந்தாள். டிரெய்னிங் கொடுத்த மேடம் சொன்னதை எல்லாம் அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். எனக்கு இன்னும் மறக்காதது ஒன்று: “வெதைக்கு இருட்டு வேணும், மொளைக்கு வெளிச்சம் வேணும். ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டு வந்து எங்கிட்ட அழாதீங்க.”

அப்பா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாடி இது, இட்லித் தட்டுல நாத்தா? சாம்பாரு எங்க?”

“சட்னிதாண்ணா. தக்காளி நாத்துதான வுடப்போறேன்” என்றாள் அத்தை.

அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன். அத்தை சொல்லி அம்மா சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சிரித்துவிட்டு, தட்டை வாங்கி எண்ணினாள். நீளவாட்டில் பதினாலு, அகலவாட்டில் ஏழு. “தொண்ணூத்தெட்டா? இன்னும் ரெண்டு குழி வச்சு நூறாக்கினா இன்னா கொறஞ்சா பூடும் இவங்களுக்கு?” இந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. இன்றைக்கும் தட்டு வாங்கும்போது கேட்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஆடிப்பட்டத்துக்கு ஊரில் ஆறு வீட்டில் தக்காளி நாற்று வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அதற்குள் கண்டாச்சிபுரத்து மாமனார் வந்துவிட்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மிகவும் தன்மையான மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டார். எனக்கு கிரீம் பிஸ்கட் வாங்கி வந்தார். “நல்லா படிக்கிறியாம்மா?” என்று கேட்டார். அவர் வந்ததும் அத்தை ஏன் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கெட்டவர்கள் என்றால் பார்க்கவும் கெட்டவர்களாக இருக்க வேண்டாமா? பிஸ்கட்டைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தின்று பாதியை எறும்புக்குப் போட்டேன்.

“பொண்ண அனுப்பு மாப்ள. ஊர்ல கேக்கறவனுக்கு பதில் சொல்ல முடியல. ஒரே பேஜாரா கீது” என்றார் அவர்.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நாத்து வுடணும்னு ஆசப்படறா மாமா. இந்த ஒரு தடவ பாக்கட்டும். தேறிச்சின்னா இங்கியே இருக்கட்டும். தேறலன்னா உங்க கூடவே அனுப்பி வுடறேன். பேச்சு மாற மாட்டேன்.”

கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தைக்கு இது கேட்டிருக்கும். மாடு மட்டும் ஒரு தடவை மணியை ஆட்டியது.

ஆடி பிறந்த முதல் திங்கட்கிழமை விதை போட்டோம். வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பம் நட்டு, பச்சை வலை கட்டியாகியிருந்தது. வலைக்குக் கீழே போனால் எல்லார் முகமும் பச்சையாகிவிடும். அத்தை கையைப் பார்த்து, “நோவு வந்த கையா இருக்குது” என்று அம்மா பயந்தாள். தேங்காய் நார்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தோம். ஈரமான கோணிப்பையும் புது மழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் பதம் என்று நோட்டில் இருந்தது. விழுப்புரத்தில் வாங்கி வந்தவற்றோடு சேர்த்து அறுபது தட்டு. குழிக்கு ஒரு விதை. சுண்டுவிரல் நகம் மறைகிற ஆழம். விதை இளஞ்சிவப்பாக, சீரக மிட்டாய் மாதிரி இருந்தது. ஒன்றை வாயில் போடப் போனேன். அத்தை பளாரென்று என் கையில் ஒரு அடி போட்டாள். “வெசம் தடவினதுடி அது!” அடித்தவள் உடனே பயந்துபோய் அப்பா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அப்பா வயலில் இருந்தார்.

விதைத்த தட்டுகளை வலைக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் பாயைப் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்து மூடினோம். நாலாம் நாள் திறக்க வேண்டும்.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, ரோட்டோரக் கடைக்குப் போன் வந்தது. மாமியாருக்குக் காய்ச்சல், மருமகள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. அப்பா, “போயிட்டு வந்துடு, இல்லாட்டி அது ஒரு பேச்சாப் பூடும்” என்றார். அத்தை துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. சாயந்திரம் வந்துவிடுவதாகப் போனாள். போகும்போது என்னைக் கூப்பிட்டு, “ஒருவேள நான் வரலன்னா, நாளிக்கு காலைல தொறந்து பாரு. வெள்ளையா கொக்கி மாதிரி வளைஞ்சிக்கினு மண்ண முட்டிக்கினு வெளிய வந்திருக்கும். அது தெரிஞ்ச ஒடனே, ஜல்தியா, எல்லாத்தையும் எறக்கி வெளிச்சத்துல பரப்பிடணும். அண்ணிகிட்ட சொல்லு. மறந்துடாதடி” என்றாள்.

சாயந்திரம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பல்கூடத் துலக்காமல் போய்ப் பாயைத் தூக்கினேன். உள்ளேயிருந்து சூடான மூச்சு மாதிரி ஒரு ஆவி முகத்தில் அடித்தது. மேல் தட்டில் அங்கங்கே வெள்ளைக் கொக்கிகள். சிலது விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

“ம்மா, மொளச்சிடுச்சு. எல்லாத்தையும் எறக்கி வெளிச்சத்துல பரப்பணுமாம். அத்த சொல்லிச்சு.”

“வெளிச்சத்துலயா? இன்னும் கண்ணே தொறக்கல, அதுக்குள்ள வெட்டவெளியில கொண்டாந்து போடுவாங்களா? ஆடிக் காத்து வேற அடிக்குது.”

“மேடம் சொன்னாங்களாம்.”

“மேடம் எத்தினி பாரி எடுத்துக்கீறாங்க?”

பாரி என்று அம்மா சொன்னது முளைப்பாரியை. அம்மா பிறந்தது திருவக்கரைப் பக்கம் ஒரு ஊர். அங்கே ஆடியில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். மண்சட்டியில் நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தி, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்கிற பயிர் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே ஓடும். வெளிர் மஞ்சளாக, முழ உயரத்துக்கு நிற்கும். திருவிழா அன்றைக்குத்தான் வெளியே வரும். யார் வீட்டுப் பாரி உயரமோ அந்த வீட்டுக்கு அந்த வருஷம் நல்லது நடக்கும். “எம் பாரிதான் அந்த வருசம் ஊருலியே ஒசரம். அந்த வருசந்தான் உங்கப்பா வந்து என்னப் பொண்ணு கேட்டாரு” என்பாள் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, “நல்லதுதான் நடந்துச்சின்னு வச்சிக்க வேண்டியதுதான்” என்பாள்.

அத்தை சொன்னதையும் அம்மா தட்டவில்லை என்பதுதான் விசேஷம். அத்தை ‘இறக்கு’ என்றாள் அல்லவா, அம்மா இறக்கினாள். இடுப்பில் இரண்டிரண்டு தட்டாகத் தூக்கி, மல்லாட்டை அறைக்குக் கொண்டுபோய், மூட்டைகளை ஓரம் தள்ளி, சாணி தெளித்து மெழுகின தரையில் வரிசையாகப் பரப்பினாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினாள். “செருப்புப் போட்டுக்கினு உள்ள வராத” என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘வெளிச்சம்’ என்று அத்தை சொன்னது எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. அம்மாவோ பாதி வேலையைச் சரியாகச் செய்துவிட்டாள். மீதிப் பாதியும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அம்மா இரண்டு வேளையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தாள். ஈயத்தில் செய்த அந்தப் பூவாளிக்கு ஒரு பக்கம் ஓட்டை. தெளிக்கிறவர் முந்தானையும் நனையும். அது எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைக்கு மறுபடி தகவல் வந்தது: இன்னும் இரண்டு நாள். பிறகு, இன்னும் இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, என்னைக் கூப்பிட்டு, தட்டுகளைச் சுற்றி மூன்று சுற்றுக் கும்மி கொட்டச் சொன்னாள். மூட்டைகளுக்கு நடுவே இடமில்லாமல் இடித்துக்கொண்டு சுற்றினோம்.

“உங்க அத்த பேரச் சொல்லிச் சுத்துடி. அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.”

“நல்லதுன்னா இன்னாம்மா? அத்த இங்க இருக்கறதா, அங்க போறதா?”

அம்மா கை தட்டுவதை நிறுத்தவில்லை. “நல்லதுன்னா நல்லதுதான். சுத்து.”

‘எத்தன நாளிக்குங்க’ என்று கேட்டவளும் இதே அம்மாதான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று நான் சுற்றும்போதே குழம்பினேன். பின்னால் ஊரில் ஒருத்தி, ‘உங்கம்மா வேணும்னேதான் இருட்டுல வச்சா’ என்று என் காதுபடவே சொன்னாள். அவள் அந்தக் கும்மியைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அம்மாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது.

சனிக்கிழமை அப்பா விதை மல்லாட்டை எடுக்க அந்த அறைக்குள் போனார். நான் கதவோரம் நின்றேன். மூட்டையைத் தோளில் தூக்கினவர், தட்டுகளைப் பார்த்து நின்றார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். ஒரு நாற்றின் தலைக்குக் கீழே ஒற்றை விரலைக் கொடுத்து நிமிர்த்தினார்; விரலை எடுத்ததும் அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது. “ம்” என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

அந்த ‘ம்’தான் இத்தனை வருஷமாக என்னைப் படுத்துகிறது. நெல் நாற்றும் கேப்பை நாற்றும் விட்டு விட்டுக் கை காய்ந்தவருக்கு வெளுத்த நாற்று எது, தேறின நாற்று எது என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தால் ஏன் வெளியே எடுத்து வைக்கச் சொல்லவில்லை? தங்கை போய்ச் சேர்ந்தால் போதும் என்று அந்த நிமிடம் நினைத்தாரா? தெரியாது என்றால், விரலைக் கொடுத்து எதைப் பார்த்தார்?

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸில் அத்தை வந்தாள். மாமனாரும் கூட வந்தார். அத்தை உடம்பில் வேறு யாருடையதோ ஒரு புடவை. என் கன்னத்தைத் தொட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் வலைக்குப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. நாலு கல்லும் மடித்து வைத்த கறுப்புப் பாயும்தான் இருந்தன.

“இங்க வா, இங்க வா” என்று அம்மா கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. தேங்காய் உடைக்கப் போகிறவள் மாதிரி அந்தக் கதவைத் திறந்தாள். “பாரு! இந்த மாதிரி ஒசரம் நான் எங்க ஊருலகூட பாத்ததில்ல.”

வெளியிலிருந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. அறுபது தட்டும் மஞ்சளாக, மெல்லிசாக, கதவுப் பக்கம் ஒரே சாய்வாகச் சாய்ந்து நின்றன. எனக்கு அழகாகத்தான் தெரிந்தன. அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு குந்தினபடியே நகர்ந்து, ஒரு தட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். கை போன பக்கமெல்லாம் நாற்று படுத்தது, எழுந்திருக்கவில்லை.

“அண்ணி…” என்றாள். அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். அப்பா வயலிலிருந்து வந்து, சேற்றுக் காலோடு கதவுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பக்கத்தில் மாமனார். அத்தை யாரையும் பார்க்காமல் கேட்டாள்: “யாரு இங்க கொண்டாந்து வச்சது?”

“நான் இல்ல” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேலி செய்யவும் இல்லை. வாயில் தானாக வந்தது. வந்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே கேட்டது. அத்தை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. விதையை வாயில் போடப் போனபோது அத்தை போட்ட அந்த ஒரு அடியைத் தவிர என்னை யாரும் அடித்ததே கிடையாது.

மாமனார் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குக் கரும்பு தெரியும், நெல் தெரியும். குழித்தட்டை அன்றைக்குத்தான் பார்க்கிறார். மரியாதையாகவே கேட்டார்: “இன்னாம்மா, தேறிச்சா?”

ஒரு வார்த்தை போதும். ‘தேறிச்சு மாமா’ என்றால் முடிந்தது. அறையில் இருந்த யாரும் மறுத்திருக்க மாட்டோம். அத்தை எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, “இல்ல மாமா. கெட்டுப்போச்சு” என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்றும் எனக்குத் தெரியாது. நாற்று விஷயத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லையா, களைத்துப் போயிருந்தாளா?

அதற்குத்தான் அப்பா, நான் முதலிலேயே சொன்ன அந்த ‘தேறிடுச்சு நாத்து’ என்ற பதிலைச் சொன்னார்.

பிற்பாடு இரண்டு தடவை அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை, “தக்காளின்னா கொழம்புல போடறது. அதுக்கு மேல எனக்கு இன்னாடி தெரியும்?” என்றார். இரண்டாம் தடவை, நன்றாக வயதான பிறகு, “ஒசரமாத்தான இருந்துச்சு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மாமனார் குழம்பிப்போனார். “இன்னா மாப்ள, வெத போட்டவளே போச்சின்றா. நீ தேறிச்சின்ற?”

“டிரெய்னிங்குல ஆயிரம் சொல்லி அனுப்புவாங்க மாமா. நாத்துன்னா ஒசரம்தான? எங்கூட்டு நாத்து, நான் சொல்றேன்.”

“ஆமாங்க, எங்க ஊரு பாரிகூட…” என்று அம்மா மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

“அண்ணா, இது நிக்காதுண்ணா” என்றாள் அத்தை.

“நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது.” அப்பா தங்கையை அவ்வளவு சத்தமாக அதட்டி நான் கேட்டதில்லை. என்ன இது, அவளை இங்கேயே இருக்கச் சொல்கிறாரா, திட்டுகிறாரா?

“அப்ப பொண்ணு?” என்றார் மாமனார்.

“தேறிச்சின்னா இருக்கட்டும்னுதான பேச்சு. நான் பேச்சு மாற மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்.”

மாமனார் தட்டுகளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எங்கேயோ ரோட்டுப் பக்கம் டவுன் பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டது.

அப்பா சேற்றுக் காலோடு அறைக்குள் வந்தார். இருந்ததிலேயே உயரமான தட்டாகப் பார்த்து, இரண்டு கையாலும் அடியில் கொடுத்துத் தூக்கி, மாமனார் கையில் வைத்தார். “எடுத்துக்கினு போய் உங்க கொல்லையில நடுங்க மாமா” என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, நாற்றின் மேல் நசுங்காமல் நாலு முனையும் இழுத்துப் பரப்பினார். “ஜன்னலோரமாப் பாத்து உக்காருங்க. அதுக்குக் காத்து வேணும்” என்று சொல்லிவிட்டு, அவரை மட்டும் ஏற்றிவிட, பஸ்ஸை நிறுத்த முன்னால் ஓடினார்.